வார்த்தைப்பாடும் திறந்த உள்ளமும்

(நம் பங்கின் பொன்விழாவையொட்டி, தேவ அழைத்தல் ஞாயிறன்று மாலை பங்கு மண்டபத்தில் நடந்த கூட்டத்தில், பங்கிலுள்ள கன்னியர் இல்லத்தின் சார்பில் ஆற்றிய உரை.)

 

விழாக் குழுவினர் எங்கள் இல்லத்திற்கு வந்து, "சிஸ்டர், இந்த ஆண்டு தேவ அழைத்தலைப் பற்றி நீங்கள்தான் பேச வேண்டும்" என்று கேட்டபோது, நாங்கள் சற்றே தயங்கினோம். தேவ அழைத்தலைப் பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அதன் மேன்மையை மட்டும் எடுத்துரைப்பது வழக்கம். கூட்டம் முடிந்ததும் இரண்டொரு பிள்ளைகள் கை தூக்குவார்கள். எல்லாரும் மகிழ்ச்சியோடு வீடு திரும்புவோம். இம்முறை மேன்மையோடு எங்கள் குறையையும் சேர்த்துச் சொல்வது என்று இல்லத்தில் கூடிப் பேசி முடிவு செய்தோம். ஒரே பீடத்தின் முன் ஐம்பது ஆண்டுகள் மண்டியிட்ட குடும்பத்தினரிடம் மறைத்துப் பேசுவது முறையாகாது அல்லவா?

சில மாதங்களுக்கு முன், மறைக்கல்வி வகுப்பில் ஒரு சிறுமி எங்களிடம் கேட்டாள்: "சிஸ்டர், உங்க வீட்டுக்கு மட்டும் ஏன் இவ்வளவு உயரமா சுவர் கட்டியிருக்காங்க?" வகுப்பு முழுவதும் சிரித்தது. "திருடன் வராமல் இருக்கத்தான்" என்று சொல்லிச் சமாளித்துவிட்டோம். அன்று இரவு உணவு மேசையில் அந்தக் கேள்வி மீண்டும் எழுந்தது. அந்தச் சுவர் திருடனைத் தடுக்கவா, அல்லது உள்ளே இருப்பவர்களின் குரல் வெளியே கேட்காமல் இருக்கவா? அந்தப் பிள்ளைக்குத் தரவேண்டிய நேர்மையான பதிலையே இன்று உங்கள் முன் வைக்கிறோம்.

மூன்று வார்த்தைப்பாடுகள்

துறவிகளாகிய நாங்கள் இறைவனுக்குக் கொடுப்பதைத் தமிழ்க் கத்தோலிக்கர் 'வார்த்தைப்பாடு' என்று அழைக்கிறார்கள். எத்துணை பொருத்தமான சொல்! அதற்குள் 'வார்த்தை' இருக்கிறது. ஊமையாக நின்று யாரும் வார்த்தைப்பாடு கொடுப்பதில்லை. பீடத்தின் முன் நின்று, திருச்சபையின் முன்னிலையில், தன் பெயரைச் சொல்லி, தன் வாயால், பிறர் காதில் விழும்படி கொடுக்கிறோம். வாய் திறந்து தொடங்கிய வாழ்வு வாய் மூடி நிறைவேற வேண்டும் என்று ஆண்டவர் ஒருபோதும் கேட்கவில்லை. இதுவே இன்று நாங்கள் சொல்ல விரும்பும் ஒரே கருத்து. மற்றவை யாவும் இதன் விளக்கமே.

ஏழ்மை, கற்பு, கீழ்ப்படிதல் என வார்த்தைப்பாடுகள் மூன்று. ஏழ்மை என்பது 'எனக்கென்று எதுவும் இல்லை' என்பது. பள்ளியில் கற்பிக்கும் சகோதரியின் சம்பளமும், மருத்துவமனையில் பணிபுரியும் சகோதரியின் சம்பளமும் ஒரே பணப்பெட்டிக்கு வருகின்றன. அந்தப் பெட்டியின் கணக்கு எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டும். வரவு செலவு ஒருவருக்கு மட்டும் தெரியும்போது, அவர் முதலாளியாகவும் மற்றவர்கள் கூலியாட்களாகவும் ஆகிவிடும் ஆபத்து உண்டு. கற்பு என்பது பிரிவுபடாத நெஞ்சோடு ஆண்டவரையும் அவர் மக்களையும் நேசிப்பது. தனிமையை, நோவை, ஏக்கத்தைச் சொல்ல ஓர் ஆன்மத் தோழியாவது இல்லாவிட்டால், அந்த நெஞ்சு காய்ந்த கட்டையாகிவிடும். காய்ந்த கட்டையைக் கற்பு என்று திருச்சபை சொல்வதில்லை.

கடினமானது மூன்றாவதுதான். கீழ்ப்படிதல் என்றால் கேள்வி கேட்காமை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் நம் அன்னை மரியாளை எண்ணிப் பாருங்கள். கபிரியேல் தூதர் செய்தி கொண்டு வந்தபோது, அவர் உடனே தலையாட்டிவிடவில்லை. இது எப்படி நிகழும் என்று கேட்டார். தூதர் கோபிக்கவில்லை, விளக்கம் சொன்னார். அதன் பிறகே அன்னையின் சம்மதம் பிறந்தது. உலகத்தின் மீட்பு ஒரு பெண்ணின் கேள்விக்காகக் காத்திருந்தது என்றால், எங்கள் மடங்கள் ஓர் இளம் சகோதரியின் கேள்விக்காகக் கால் மணி நேரம் காத்திருக்கக் கூடாதா?

மதிலுக்குள் பழைய நாட்கள்

இந்த நகரில் கன்னியர் வாழ்வு நீண்ட வரலாறு உடையது. 1842-ஆம் ஆண்டில் அயர்லாந்திலிருந்து பிரசன்டேஷன் சகோதரிகள் சென்னைக்கு வந்தார்கள். அக்காலத்தில் அவர்களுடைய சபை அடைப்பு ஒழுங்கை உடையது. உயர்ந்த மதிலும், வாசலில் மணியும், பார்லரில் கம்பித் தடுப்பும் அன்றைய ஒழுங்கின் அடையாளங்கள். அவற்றில் ஜெபத்திற்குரிய அமைதியும் பாதுகாப்பும் இருந்தன. அந்த மதிலுக்குள் தங்களை ஒடுக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கான ஏழைச் சிறுமியருக்கு எழுத்தறிவித்த அன்னையரை நாங்கள் குறைகூறமாட்டோம்.

எங்கள் இல்லத்தின் மூத்தவர்கள் இளமையில் மடம் புகுந்தபோது, அந்த நாட்களின் வாடை இன்னும் போகவில்லை. வீட்டிலிருந்து வரும் கடிதம் பிரித்த உறையோடுதான் கைக்கு வரும். எழுதும் கடிதத்தை ஒட்டாமல்தான் கொடுக்க வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிறு அம்மா முறுக்கும் அதிரசமும் கட்டிக்கொண்டு பார்லருக்கு வருவார்கள். உடன் ஒரு மூத்த சகோதரி உட்கார்ந்திருப்பார். "நல்லா இருக்கியாம்மா?" என்று அம்மா கேட்பார்கள். "நல்லா இருக்கேம்மா" என்போம். அந்த ஒரு வரிக்கு அப்பால் பேச்சு நகராது. வேதனையான நாட்களிலும் அதே பதில்தான். அம்மாவும் நம்பியது போலவே எழுந்து போவார்கள்.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ஆம் ஆண்டு அக்டோபர் 28-ஆம் நாள் துறவற வாழ்வின் புதுப்பித்தலைப் பற்றிய ஏட்டை வெளியிட்டது. ஒவ்வொரு சபையும் தன் நிறுவனரின் முதல் எண்ணத்திற்குத் திரும்ப வேண்டும், காலத்தின் தேவைக்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று அது கேட்டது. தலைவர்கள் தங்கள் பொறுப்பில் உள்ளவர்களுக்கு விருப்பத்தோடு செவிசாய்க்க வேண்டும் என்றும், முடிவெடுக்கும் பொறுப்பு தலைவர்களுக்கே உரியது என்றும் அதே ஏடு சொன்னது. அதன்பின் கம்பித் தடுப்புகள் நீங்கின, உடைகள் எளிமையாயின, கடிதங்கள் ஒட்டிய உறையோடு வந்தன. இன்று இளம் சகோதரிகளின் கையில் செல்போன் இருக்கிறது. ஆனால் கம்பியை அகற்றுவது ஒரு நாள் வேலை. வாயில் விழுந்த பூட்டைத் திறப்பதற்கு ஒரு தலைமுறையே வேண்டியிருக்கிறது.

எங்கள் குறை

இனி எங்கள் குறையைச் சொல்கிறோம். எங்களோடு ஒரு இல்லத்தில், சில ஆண்டுகளுக்கு முன், ஓர் இளம் சகோதரி இருந்தாள். எந்த இல்லம், எந்த ஊர் என்பது வேண்டாம். தென்மாவட்டத்துப் பெண். நன்றாகப் பாடுவாள். பிள்ளைகள் அவளைச் சுற்றிக் குருவிக் கூட்டம் போல் நிற்பார்கள். முதல் வார்த்தைப்பாடு கொடுத்த இரண்டாம் ஆண்டில், அலுவலகத்தில் கணக்கு எழுத ஆள் இல்லை என்று அவளை அங்கே உட்கார வைத்தோம். கணக்கு அவளுக்கு வராது. பேரேட்டில் ஒரு தொகை தவறினால் இரவெல்லாம் உறங்கமாட்டாள். முகம் வாடியது, பாட்டு நின்றது. நாங்கள் எல்லாரும் பார்த்தோம். "கீழ்ப்படிதலில் பழகட்டும்" என்று எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை.

அவளுடைய தற்கால வார்த்தைப்பாட்டின் காலம் முடிந்தது. அவள் அதைப் புதுப்பிக்கவில்லை. ஒரு தகரப் பெட்டியோடு விடியற்காலையில் எழும்பூரில் ரயில் ஏறினாள். இதைச் செய்ய அவளுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் ஊர் அதை அப்படிப் பார்க்கவில்லை. கோயிலுக்குப் போனால் பின்னால் குசுகுசுப்பு. "ஏதோ நடந்திருக்கும், இல்லாவிட்டால் ஏன் அனுப்புவார்கள்?" அவளுடைய தங்கையைப் பெண் கேட்டு வந்தவர்கள்கூட அதைக் கேட்டுவிட்டுத் திரும்பிப் போனார்களாம்.

ஏழெட்டு ஆண்டுகள் கழித்து, கணவரோடும் கைக்குழந்தையோடும் எங்களைப் பார்க்க வந்தாள். பார்லரில் காப்பி கொடுத்தோம். பேச்சுவாக்கில் எங்களில் ஒருவர், "அந்த வேலை பிடிக்கலைன்னு அப்பவே சொல்லியிருக்கலாமே, அம்மா" என்றார். அவள் கோபப்படவில்லை. குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டே சொன்னாள்: "சொல்லலாம்னு எனக்கு யாரும் சொல்லித்தரலையே, சிஸ்டர்."

அன்று மாலை செபமாலை சொல்லும்போது எங்களுக்கு வார்த்தை வரவில்லை. நவதுறவகத்தில் அவளுக்கு எல்லாம் கற்றுக் கொடுத்திருந்தோம்: மண்டியிடும் முறை, பாடும் முறை, கட்டளை செபம், சபை ஒழுங்கு. 'அம்மா, எனக்கு இது முடியவில்லை' என்று தாழ்மையோடும் உரிமையோடும் சொல்லும் முறையை மட்டும் கற்றுக் கொடுக்கவில்லை.

திருச்சபை சொல்வது என்ன?

இது எங்கள் சொந்தக் கண்டுபிடிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். புனித ஆசீர்வாதப்பர் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கிலேயே இது இருக்கிறது. மடத்தில் முக்கியமான காரியம் வரும்போது எல்லாரையும் கூட்டிக் கேட்கச் சொல்கிறார். ஆண்டவர் பல வேளைகளில் இளையவருக்கே நல்லதை வெளிப்படுத்துகிறார் என்பது அவர் தரும் காரணம். மிகக் கடினமான அல்லது முடியாத வேலை ஒரு சகோதரருக்குத் தரப்பட்டால், தன் இயலாமையைத் தகுந்த நேரத்தில் பொறுமையோடு தலைவரிடம் எடுத்துச் சொல்லலாம் என்றும் ஓர் அதிகாரம் ஒதுக்கியிருக்கிறார். அதன் பின்னும் தலைவர் உறுதியாக இருந்தால், இறைவனின் உதவியை நம்பிக் கீழ்ப்படிய வேண்டும். இங்கே வரிசையைக் கவனியுங்கள்: முதலில் பேச்சு, பிறகு கீழ்ப்படிதல்.

மறுபக்கமும் உண்டு. 'உள்ளத்தைத் திற' என்று சொல்லி, ஒருவரின் மனச்சாட்சியைக் கட்டாயமாகத் திறந்து பார்ப்பதும் தவறே. முற்காலத்தில் சில சபைகளில் உள்ளத்தின் இரகசியங்களையெல்லாம் தலைவியிடம் ஒப்புவிக்க வேண்டும் என்ற வழக்கம் இருந்தது. திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் காலத்தில், 1890 டிசம்பர் 17-ஆம் நாள் வெளிவந்த ஆணை அதைத் தடை செய்தது. அந்த ஆணையைத் தாய்மொழியில் பெயர்த்து இல்லங்களில் ஆண்டுதோறும் வாசிக்க வேண்டும் என்றும் உரோமை பணித்தது. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டம், 630-ஆம் எண்ணில் இரண்டையும் அருகருகே வைக்கிறது: உறுப்பினர்கள் நம்பிக்கையோடு தலைவர்களை அணுகி, தாங்களாக விரும்பித் தங்கள் உள்ளத்தைத் திறக்கலாம், ஆனால் அப்படித் திறக்கும்படி தலைவர்கள் எவ்வகையிலும் தூண்டக் கூடாது. ஆம், உள்ளத்தின் கதவுக்கு வெளியே பிடி கிடையாது. உள்ளிருந்துதான் திறக்க முடியும். வெளியே நிற்பவர் செய்யக்கூடியதெல்லாம், திறந்தால் அடி விழாது என்ற நம்பிக்கையைத் தருவதுதான்.

உதகையிலிருந்து கதீட்ரல் சாலைக்கு

நம் தமிழ் மண்ணில் நடந்த ஒரு வரலாற்றை இங்கே நினைவுகூர வேண்டும். நம்மில் பலர் அன்றாடம் கடந்து போகும் கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரி இருக்கிறது. 1947-ஆம் ஆண்டில் சாந்தோமில் தொடங்கி, 1960-ஆம் ஆண்டில் இன்றைய இடத்திற்கு வந்தது. அதை நடத்துபவர்கள் மரியாளின் பிரான்சிஸ்கன் மறைபரப்புச் சகோதரிகள். நாங்கள் அந்தச் சபையினர் அல்லர். ஆயினும் அதன் நிறுவனர் வாழ்விலிருந்து நாங்கள் கற்க வேண்டியது நிறைய உண்டு.

அவர் பெயர் ஹெலன். 1839-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் நான்த் நகரில் பிறந்தவர். 1864-ஆம் ஆண்டில் மரி ரெப்பரத்ரிஸ் என்ற சபையில் சேர்ந்து, பாடுகளின் மரியா என்ற பெயரைப் பெற்றார். நவசகோதரியாக இருக்கும்போதே மதுரை மறைபரப்புத் தளத்திற்கு அனுப்பப்பட்டு, 1865-ஆம் ஆண்டில் இந்தியா வந்தார். இரண்டே ஆண்டுகளில், 28 வயதில், இங்கிருந்த மூன்று இல்லங்களுக்கு மாநிலத் தலைவியானார். காலப்போக்கில் இல்லங்களுக்குள் கருத்து வேறுபாடுகள் முற்றின. இரு பக்கத்திலும் ஆண்டவரை நேசித்தவர்களே இருந்தார்கள். ஆனால் பிளவு ஆறவில்லை. 1876-ஆம் ஆண்டில், அவரையும் சேர்த்து 20 சகோதரிகள் அச்சபையை விட்டுப் பிரிய நேர்ந்தது. அவர்கள் உதகமண்டலத்தில் கூடினார்கள்.

அந்த நிலையில் அவர் என்ன செய்தார்? மூலையில் அமர்ந்து முணுமுணுக்கவில்லை. தாமே தலைமை என்று ஒரு கொடியையும் நாட்டவில்லை. கப்பலேறி உரோமைக்குச் சென்றார். நடந்ததைத் திருச்சபையின் முன் வைத்தார். 1877 ஜனவரி 6-ஆம் நாள், மூன்று அரசர் திருநாளன்று, திருத்தந்தை 9-ஆம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி தந்தார்.

சோதனை அத்தோடு தீரவில்லை. 1883-ஆம் ஆண்டில், அவர் தொடங்கிய சபையிலேயே தலைமைப் பதவியிலிருந்து அவர் நீக்கப்பட்டார். திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் விசாரணைக்கு ஆணையிட்டார். அவர்மேல் குற்றமில்லை என்று தெளிவாயிற்று. 1884-ஆம் ஆண்டு ஜூலையில் சகோதரிகள் அவரையே மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1904-ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது சபையில் 2,000-க்கும் மேற்பட்ட சகோதரிகள் இருந்தார்கள். 2002 அக்டோபர் 20-ஆம் நாள் திருத்தந்தை 2-ஆம் அருள் சின்னப்பர் அவரை முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தினார்.

சபையை விட்டுப் பிரிந்த ஒரு பெண் பீடத்தில் வைத்துப் போற்றப்படுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்! அன்று உதகையில் அவரைப் பார்த்து, 'வார்த்தைப்பாட்டை முறித்தவள்' என்று யாரேனும் சொல்லியிருந்தால், அவர்களை வரலாறு எங்கே வைத்திருக்கும்?

இன்னொருவர் நம் மயிலாப்பூரிலேயே கண் மூடியவர். தத்துவ போதகர் என்று நாம் போற்றும் ராபர்ட் தெ நொபிலி அடிகளார், 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்து, தமிழ் முறையில் வாழ்ந்து போதித்தார். உடன்பிறந்த துறவிகளிடமிருந்தே கடும் எதிர்ப்பு வந்தது. தம் நியாயத்தை விரிவாக எழுதித் தலைவர்களுக்கு அனுப்பினார். எழுதிவிட்டுக் காத்திருந்தார். 1623-ஆம் ஆண்டில்தான் உரோமையின் சாதகமான முடிவு வந்தது. 1656 ஜனவரி 16-ஆம் நாள் மயிலாப்பூரில் இறக்கும்வரை அவர் இயேசு சபைத் துறவியாகவே இருந்தார். பேசுவதும் கீழ்ப்படிவதும் ஒரே மனிதருக்குள் சண்டையின்றிக் குடியிருக்க முடியும் என்பதற்கு இவரை விடச் சான்று வேண்டுமா?

திறந்த உள்ளம் எது, எது அன்று?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. திறந்த உள்ளம் வேறு, திறந்த வாய் வேறு. ஒரு சகோதரியின் பலவீனத்தை இன்னொருவரிடம் சொல்வது வெளிப்படைத்தன்மை அன்று, புறணி. இல்லத்தில் பேசியதை வாட்ஸாப்பில் போடுவதும் திறந்த உள்ளம் ஆகாது. சொல்ல வேண்டியதை, சொல்ல வேண்டியவரிடம், அவர் முகத்தைப் பார்த்து, அவருடைய நன்மையையும் எண்ணிச் சொல்வதே நாங்கள் கேட்கும் வெளிப்படை.

ஆனால் ஒரு காரியத்தில் மட்டும் மௌனம் என்ற பேச்சுக்கே இடமில்லை. சிறுவர்மீதோ, அதிகாரத்தின் கீழ் உள்ள ஒரு பெண்மீதோ பாலியல் வன்முறை நிகழுமானால், அதை மூடி வைப்பது சபையின் மானத்தைக் காப்பது ஆகாது. 2019-ஆம் ஆண்டு மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சட்டம், இத்தகைய செய்தியை அறியும் குருக்களும் துறவிகளும் அதைத் திருச்சபை அதிகாரிகளிடம் தெரிவிப்பதைக் கடமையாக்கியது. தெரிவித்தவரை வாய் மூடச் சொல்லக் கூடாது என்றும் விதித்தது. சிறுவர் காரியத்தில் நம் நாட்டின் 2012-ஆம் ஆண்டுச் சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். கீழ்ப்படிதல் என்ற வார்த்தைப்பாடு இந்தக் கடமையிலிருந்து எங்களில் ஒருவரையும் விடுவிப்பதில்லை.

எங்கள் இல்லத்தில் நாங்கள் செய்யத் தொடங்கியது மிகச் சிறியதுதான். மாதத்தின் முதல் சனிக்கிழமை இரவு எல்லாரும் வட்டமாக உட்காருகிறோம். ஆசீர்வாதப்பரை நினைத்து, இளையவர் முதலில் பேசுகிறார். தலைவி கடைசியில் பேசுகிறார். அந்த மாத வரவு செலவு வாசிக்கப்படுகிறது. ஒரு சகோதரிக்குப் புதிய பணி தருவதற்கு முன், 'இது உன்னால் முடியுமா? என்ன உதவி வேண்டும்?' என்று கேட்கிறோம். முதல் இரண்டு கூட்டங்களில் யாரும் பேசவில்லை. மின்விசிறி சத்தம் மட்டுமே கேட்டது. மூன்றாம் கூட்டத்தில் ஓர் இளையவர், "காலையில் எல்லாரும் கஞ்சி குடிக்கும்போது பெரிய சிஸ்டருக்கு மட்டும் ஏன் இட்லி?" என்று கேட்டாள். பெரிய சிஸ்டருக்குப் பல் இல்லை, சர்க்கரை நோய் வேறு என்று அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. எல்லாரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பிற்குப் பிறகுதான் பெரிய காரியங்களும் வெளியே வந்தன. எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டோம். பேசினால் மனம் நோகும் நாட்களும் உண்டு. ஆயினும் ஒருவர் முகம் வாடினால் இப்போது நாங்கள் பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பதில்லை.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்

அன்புப் பங்கு மக்களே, மதிலுக்குள் நாங்கள் மட்டும் மாறினால் போதாது. உங்களிடமும் மூன்று காரியங்களைக் கேட்கிறோம்.

முதலாவது, பெற்றோருக்கு. பிள்ளை பிழைத்தால் மடத்துக்கு விடுகிறேன் என்று நேர்ந்துகொள்ளும் தாய்மார் நம்மிடையே இன்றும் உண்டு. உங்கள் பக்தியை மதிக்கிறோம். ஆனால் வார்த்தைப்பாட்டை உங்கள் பிள்ளைக்காக நீங்கள் கொடுக்க முடியாது. வற்புறுத்தலோ, கடும் அச்சமோ, வஞ்சகமோ இன்றிக் கொடுத்தால்தான் அது செல்லும் என்பது திருச்சபைச் சட்டம். அதனால்தான் 18 வயது நிறையுமுன் முதல் வார்த்தைப்பாடு கிடையாது. 21 வயது நிறையுமுன் நித்திய வார்த்தைப்பாடு கிடையாது. இடையில் குறைந்தது மூன்று ஆண்டுத் தற்கால வார்த்தைப்பாடும் உண்டு. திரும்பிச் செல்லும் வாசலை இத்தனை ஆண்டுகள் திருச்சபையே திறந்து வைத்திருக்கும்போது, அதை நீங்கள் அடைத்துவிடாதீர்கள். வரதட்சணைக்கு அஞ்சி மகளை மடத்திற்கு அனுப்ப நினைக்கும் தந்தை யாரேனும் இங்கே இருந்தால், தயவுசெய்து வேண்டாம் என்று கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறோம்.

இரண்டாவது, எல்லாருக்கும். மடத்திலிருந்தோ குருமடத்திலிருந்தோ ஒரு பிள்ளை திரும்பி வந்தால், 'என்ன நடந்தது?' என்று கேட்காதீர்கள், 'சாப்பிட்டாயா?' என்று கேளுங்கள். அவர்கள் தோற்றுத் திரும்பியவர்கள் அல்லர். ஆண்டவருடைய விருப்பத்தை நேர்மையாகத் தேடியவர்கள். பாடகர் குழுவில் இடம் கொடுங்கள். மறைக்கல்வி வகுப்பைக் கொடுங்கள். நல்ல வரன் இருந்தால் சொல்லுங்கள். வெளியேறுவோரைச் சமநீதியோடும் அன்போடும் நடத்தும் கடமை சபைகளுக்கும் உண்டு என்று சட்டம் சொல்கிறது. ஒரு தகரப் பெட்டியோடு தனியாக ரயிலேற்றி அனுப்பியதற்காக, எங்கள் தங்கை ஒருத்தியிடம் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். அவள் மன்னித்தும்விட்டாள். அதை உங்கள் முன் சொல்லவும் அவள் சம்மதம் தந்தாள்.

மூன்றாவது, எங்களுக்காக. எங்களைப் பீடத்தில் இருக்கும் சொரூபங்களைப் போலப் பார்க்காதீர்கள். சொரூபத்திற்குத் தலைவலி வராது, எங்களுக்கு வரும். எங்களுக்கும் அம்மா இறந்துபோவார்கள். எங்களுக்கும் கோபம் வரும். வாசல் மணியை அடித்து, "எப்படி இருக்கீங்க சிஸ்டர்?" என்று கேளுங்கள். 'நல்லா இருக்கோம்' என்ற பழைய பதிலைச் சொன்னால், இன்னொரு முறை கேளுங்கள்.

முடிவாக, மறைக்கல்வி வகுப்பில் கேட்ட அந்தச் செல்லப் பிள்ளைக்கு. மகளே, உன் கேள்விக்கு அன்று நாங்கள் சொன்ன பதில் முழு உண்மை அன்று. சுவர் அமைதிக்காகக் கட்டப்பட்டது. ஆனால் காலம் செல்லச் செல்ல, அமைதி எது, பயம் எது என்று பிரித்தறியாமல் நாங்களே சில நாட்கள் இருந்துவிட்டோம். சுவர் அப்படியே இருக்கட்டும். மாநகராட்சி அனுமதியின்றி அதை இடிக்கவும் முடியாது! கதவு மட்டும் திறந்திருக்கும். என்றாவது ஒரு நாள் ஆண்டவர் உன்னை அழைத்தால், அந்தக் கதவு வழியாக உன் சொந்தக் காலால் நடந்து வா. உன் வார்த்தையை உன் வாயாலேயே கொடு. கொடுத்த பிறகும் உன் வாய்க்கு வேலை உண்டு என்று நாங்கள் உனக்குக் கற்றுத் தருவோம்.

கேள்வி கேட்டபின் சம்மதம் தந்த நம் அன்னை மரியாள், இந்தப் பொன்விழா ஆண்டில் நம் குடும்பங்களையும் எங்கள் சிறிய இல்லத்தையும் தம் மேலாடையால் போர்த்திக் காப்பாராக. நம் பங்கு இன்னும் பல விழாக்களைக் காணட்டும்.

ஆண்டவருக்கே புகழ்.